அடிப்படை ஆண்டு முடியும்வரை கசியட்டும்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இரண்டு குடலிறக்கம், ஒரு பித்தப்பை. மூன்று பேரும் ஒழுங்காகத் தூங்கி ஒழுங்காக விழித்தார்கள். மயக்க மருந்து கொடுப்பவளுக்கு நல்ல நாள் என்பது இவ்வளவுதான். யாருக்கும் நம் முகம் நினைவில் இருக்காது.

அதற்கப்புறம்தான் வினை. மாதக் கூட்டத்தில் பிளாஸ்டிக் கப்பில் காபி வந்தது. "கழுவி வைக்கிற கப் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுத் தொலைத்தேன். எங்கள் இயக்குநர் முகம் மலர்ந்து எழுந்துவிட்டார். (ரிப்பன் வெட்டாமல் அவருக்கு ஒரு வாரம் போகாது, அதனால் எங்களுக்குள் அவர் பெயர் ரிப்பன்.) "இவங்களைத்தான் நான் இவ்வளவு நாளா தேடிக்கிட்டிருந்தேன்!" என்றார். பசுமை மருத்துவக் கூட்டணி என்று ஒன்று வரப் போகிறதாம். மருத்துவமனையும் சில நிறுவனங்களும் கைகோத்துப் பூமியைக் காப்பாற்றப் போகின்றனவாம். அதற்கு ஒருங்கிணைப்பாளர் நான். சம்பளம் கிடையாது, நேரம் கிடையாது, மேசை கிடையாது. பேட்ஜ் உண்டு. அதுவும் பிளாஸ்டிக்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். நாள் முழுக்க மற்றவர்கள் பிரேக்கைத் தேடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே பொறுமை வந்தவர். "காபிக்கு வாயைத் திறந்ததுக்கே பதவின்னா, இனிமே டீ குடி" என்றார்.

மார்ச் 12

ஒப்பந்தக் கையெழுத்து விழா. மேடைக்குப் பின்னால் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ் பேனர்: "குப்பையில்லா மருத்துவம்." விழா முடிந்ததும் அது எங்கே போகும் என்று கேட்டேன். குப்பைக்காம்.

கூட்டாளிகள் யார் யார் என்று இன்றுதான் முழுசாகத் தெரிந்தது. மருத்துவ வாயு விற்கும் நிறுவனம். ஒருமுறை போட்டுவிட்டு எறியும் கையுறை விற்கும் நிறுவனம். பாட்டில் தண்ணீர் விற்கும் நிறுவனம். எல்லோருக்கும் வழிகாட்ட ஓர் ஆலோசனை நிறுவனம். பூனைகளெல்லாம் சேர்ந்து பால் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியதுபோல இருந்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் உள்ளங்கை அளவுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். இரண்டு மடக்கில் முடிந்துவிடும். பாட்டில் மட்டும் நம் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

ஆலோசகருக்கு முப்பது வயதுதான் இருக்கும். பச்சை நிற டை. மூன்று முறை சந்தித்துவிட்டேன், மூன்று முறையும் அதே டை. துவைக்காமல் தண்ணீர் சேமிக்கிறாரோ என்னவோ. வாயு நிறுவனத்து மேலாளர் இன்னொரு ரகம்: சிரித்த முகம் சிரித்தபடியே இருக்கும், பேசும்போதும், தும்மும்போதும். தியேட்டர் சிஸ்டர் அவருக்குப் புன்னகை என்று பெயர் வைத்துவிட்டார். பதினைந்து வருஷமாக அறுவை அரங்கில் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் அவர். அவர் ஒரு பெயர் வைத்தால் அது ஒட்டிக்கொள்ளும்.

ரிப்பன் பேசினார். பேசினார் என்பது தப்பு, படித்தார். எழுதிக் கொடுத்ததை முன்கூட்டிப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. மேடையில்தான் அவரும் முதல் தடவை படிப்பார், நமக்கும் அப்போதுதான் தெரியும். இன்று பச்சை டை எழுதிக் கொடுத்திருந்தார். "இது வருங்காலத் தலைமுறைக்கு நாம் அளிக்கும் பரிசு கைதட்டலுக்கு நிறுத்தவும்" என்று கணீரென்று படித்துவிட்டு நிமிர்ந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அதைவிட மோசம், கைதட்டினார்கள்.

கடைசியாக மரக்கன்று நட்டார்கள். ஆம்புலன்ஸ் திரும்பும் இடத்தில். அங்கேதான் படத்துக்கு வெளிச்சம் நன்றாக விழுகிறதாம்.

மார்ச் 16

மரக்கன்று காலி. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சொன்னது: "உள்ள இருக்கிற ஆளைப் பார்க்கிறதா, வெளிய இருக்கிற செடியைப் பார்க்கிறதா டாக்டர்?" நியாயம்.

மார்ச் 18

அந்த இடத்தில் செயற்கைப் புல் விரித்துவிட்டார்கள். பச்சையாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று கண்டுபிடித்ததை எழுதிப் பார்த்தால்தான் எனக்கே புரியும்போல.

கூட்டணிக்காக ஏதாவது உருப்படியாகச் செய்வோமே என்று சிரிப்பு வாயுவில் கை வைத்தேன். ஒரு காலத்தில் மயக்கம் கொடுக்க அதுதான் எல்லாம். இப்போது அதைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டன. எங்கள் பத்துப் பேரில் இரண்டு பேர்தான் எப்போதாவது குழந்தைகளுக்குத் தொடுகிறார்கள். கரியமில வாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் சாமான் அது. வெளியே விட்டால் நூறு வருஷத்துக்கு மேல் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சரி, எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்று பார்ப்போம் என்று ஒவ்வொரு மயக்க இயந்திரத்தின் பதிவையும் சிஸ்டரும் நானும் உட்கார்ந்து எடுத்தோம். அப்புறம் எவ்வளவு வாங்குகிறோம் என்று பார்த்தோம்.

வாங்குவதில் நூற்றில் ஐந்துகூட நோயாளியின் மூக்குக்குப் போகவில்லை.

மீதி?

பராமரிப்பு இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு சிலிண்டர் அறைக்குப் போனோம். பெரிய பெரிய சிலிண்டர்கள் வரிசையாக நிற்கின்றன; அங்கிருந்து சுவருக்குள் குழாய் ஓடி எல்லா அரங்குக்கும் போகிறது. நான் மருத்துவம் படிக்க வருவதற்கு முன்னால் போட்ட குழாய். இன்ஜினியர் ஒரு மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவினார். நுரை பொங்கியது. அடுத்த மூட்டு. பொங்கியது. பேச்சை நிறுத்தினால் காதிலேயே கேட்கிறது, ஸ்ஸ்ஸ் என்று. "வெளியில தெரியறதே இவ்வளவு. செவுத்துக்குள்ள எத்தனை மூட்டு இருக்கோ, யாருக்குத் தெரியும் மேடம்?" என்றார்.

சரிசெய்ய வேண்டுமென்றால் சுவரையெல்லாம் உடைக்க வேண்டும். ஆனால் சரிசெய்ய வேண்டியதே இல்லையே! யாருக்குமே தேவைப்படாத குழாய். வால்வை மூடினால் தீர்ந்தது. தேவைப்படும் அந்த இரண்டு பேருக்கு இயந்திரத்தின் முதுகில் மாட்டும் சின்ன சிலிண்டரே போதும்.

ஒரு வால்வு. ஒரு திருகு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேட்ஜைக்கூட இன்று ஒழுங்காகக் குத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 17

கூட்டணிக் கூட்டத்தில் சொன்னேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன் — என் அறிவைச் சொல்லணும்.

பச்சை டை பதறிப்போனார். "டாக்டர், தயவுசெஞ்சு இப்ப எதையும் மூடிடாதீங்க. இது நம்ம அடிப்படை ஆண்டு."

அப்படியென்றால்? ஏப்ரலிலிருந்து அடுத்த மார்ச் வரை என்னென்ன எவ்வளவு செலவாகிறது என்று அளப்பார்களாம். அதற்கு அப்புறம் குறைப்பதுதான் குறைத்த கணக்காம். அதற்கு முன்னால் குறைத்தால்?

"அது சாதனைல வராதுங்க. அது சும்மா மூடுறது."

"அப்ப அடுத்த மார்ச் வரைக்கும் வேணும்னே கசிய விடணுமா?" என்றேன்.

"வேணும்னே இல்லைங்க டாக்டர். வழக்கம்போல" என்றார் பணிவாக.

புன்னகை உடனே தலையாட்டினார். அவருக்கென்ன, கசிவது எங்கள் குழாயில், நிரம்புவது அவர் லாரியில். ரிப்பன் தன் பங்குக்கு, "ஆரம்பத்துல எவ்வளவு மோசமா இருக்கோமோ, முடிவுல அவ்வளவு நல்லா தெரிவோம்" என்றார். உடம்பு இளைக்கும் போட்டியில் சேர்ந்துவிட்டு முதல் நாள் எடை பார்க்கும்வரை மூக்குமுட்டத் தின்கிறவனின் தத்துவம் இது. அதைத்தான் எங்கள் கூட்டணி ஒருமனதாக ஏற்றது. ஒருமனது என்றால், என் மனது எண்ணிக்கையில் இல்லை.

ஏப்ரல் 18

இவர் கேட்டார்: "முன்னாடி பள்ளம் தெரியுது. பிரேக் காலடியில இருக்கு. ஆனா வண்டி எவ்வளவு வேகமா போச்சுன்னு முதல்ல எழுதி முடிச்சுக்கறோம்னு சொல்றாங்க, அதானே?"

அதேதான்.

மே 6

"காகிதம் சேமிப்போம்" என்று சுவரொட்டி அச்சிட்டிருக்கிறார்கள். வழவழ தாளில். கழிவறைக் கதவுக்குக்கூட உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

ஜூன் 4

புதுக் கட்டடத்தின் வரைபடம் வந்தது. ஆறு புது அரங்குகள். ஒவ்வொரு அரங்கின் சுவரிலும் ஆக்சிஜனுக்கு வெள்ளைக் குழாய்வாய், காற்றுக்குக் கறுப்பு, உறிஞ்சுவதற்கு மஞ்சள். கூடவே நீலம். சிரிப்பு வாயு!

"யாரும் தொடாத வாயுவுக்கு எதுக்குங்க புதுசா குழாய்?" என்றேன்.

புன்னகையின் புன்னகை இன்னும் கொஞ்சம் விரிந்தது. "குழாய் வேலை முழுசும் எங்க நிறுவனத்தோட அன்பளிப்பு டாக்டர். கூட்டணிக்கு எங்க பங்களிப்பு. உங்களுக்கு ஒரு செலவும் இல்லை."

குழாய் இனாம். அதில் ஓடுவது மட்டும் ஆயுள் முழுக்க அவர்களிடம் வாங்க வேண்டும். கட்டடம் நிற்கும்வரை சுவருக்குள் ஸ்ஸ்ஸ். நான் ஓய்வு பெற்று, செத்து, புதைத்த இடத்தில் புல் முளைத்த பிறகும் கசிந்துகொண்டிருக்கும். ஒரு தடவை சுவருக்குள் போட்டுவிட்டால் யார் பிடுங்கப் போகிறார்கள்? பழையதையே மூட விடமாட்டேன் என்கிறார்கள்.

இந்த நீல வாய் புதுச் சுவரில் வரக் கூடாது. எனக்கு வேண்டியது இது ஒன்றுதான். பேட்ஜை வேண்டுமானால் அவர்களே குத்திக்கொள்ளட்டும்.

ஜூன் 5

ரிப்பன் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார்; அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் துறைத் தலைவர் அக்டோபரில் ஓய்வு பெறுகிறார். "அடுத்து நீங்கதான்னு எல்லாருமே பேசிக்கிறாங்க. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இந்த நேரத்துல கூட்டாளிகளோட மனஸ்தாபம் எல்லாம் எதுக்கு டாக்டர்?"

நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. ஆட்டியிருப்பேன்.

ஏன், எனக்கு அந்த நாற்காலி வேண்டும்தான்! எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். பதினெட்டு வருஷம் மற்றவர்கள் போட்ட பட்டியலில் வேலை பார்த்தாகிவிட்டது. ஒரு தடவை நானும் பட்டியல் போட வேண்டும். ஆசைப்படக் கூடாதா?

ஜூலை 2

இன்றும் கசிகிறது.

ஜூலை 20, திங்கள்

சிலிண்டர் அறைப் பக்கமாகப் போகாமல் கேன்டீனுக்குச் சுற்றுவழியில் போகிறேன். சிஸ்டர் கவனித்துவிட்டார். "அந்தப் பக்கம் பேய் இருக்கா டாக்டர்?" என்றார். மூக்குடைந்து போயிற்று எனக்கு.

ஆகஸ்ட் 10, திங்கள்

துறைத் தலைவர் மகள் வீட்டுக்கு நீண்ட விடுப்பில் போகிறார். திரும்பும்வரை பொறுப்புத் தலைவர் நான். போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டு, "ஒண்ணும் பெருசா இருக்காதும்மா. ஆபரேஷன் பட்டியல், லீவு, அப்புறம் வாயுக் குழாய் எல்லாம் விதிப்படி நம்ம பொறுப்பு. கையெழுத்துப் போட்டுக்கிட்டே இரு, போதும்" என்றார்.

வாயுக் குழாய் நம்ம பொறுப்பு! இத்தனை நாள் யார் யாரிடமோ போய்க் கெஞ்சிக்கொண்டிருந்தேனே. எங்கள் துறை சொன்னாலே போதுமாம். அவரிடம் முன்னாலேயே கேட்டிருந்தால் தானும் மூடியிருக்க மாட்டார், என்னையும் மூட விட்டிருக்க மாட்டார். நல்ல மனிதர்.

நாற்காலியா, வால்வா? வீட்டில் சோறு இறங்கவில்லை. இவர் என் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஸ்டியரிங் உன் கையில" என்றார். இவரிடம் இதுதான் கோபம் வருகிறது. எதையாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் என்ன? நாளைக்குப் பழி போடவாவது ஆள் கிடைக்கும்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

மூடியாயிற்று.

கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. மயக்க மருத்துவர்கள் பத்துப் பேரையும் உட்கார வைத்துக் கேட்டேன். எட்டுப் பேர் "அது இன்னும் ஓடுதா?" என்றார்கள். மற்ற இரண்டு பேருக்குச் சின்ன சிலிண்டர் மாட்டிக் கொடுத்தோம், சந்தோஷம். என் சகாவான சரிங்கய்யா மட்டும் (யார் எதைச் சொன்னாலும் "சரிங்கய்யா"தான், பெண்களிடமும்), "மேல கேட்டுட்டீங்களா?" என்றார். "மேலன்னா வானத்தையா?" என்றேன். அப்புறம் அவரும் சரிங்கய்யா என்றுவிட்டார்.

அரங்குகளில் வேலை முடிந்த பிறகு இன்ஜினியர் எச்சரிக்கை மணியைத் துண்டித்தார். இல்லாவிட்டால் அழுத்தம் குறைந்ததும் ஊரைக் கூட்டிவிடும். சிஸ்டரும் நானும் ஒவ்வொரு அரங்காகப் போய் ஆக்சிஜன் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்து, நீல வாயையெல்லாம் மூடி அடையாளம் ஒட்டினோம். பிறகு சிலிண்டர் அறை. வால்வு துருப்பிடித்து இறுகியிருந்தது. இன்ஜினியர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உள்ளங்கை கிழிந்து எரிந்தது.

ஸ்ஸ்ஸ் மெல்ல மெல்ல இறங்கி, அப்புறம் இல்லவே இல்லை. சிஸ்டர், "காது அடைச்ச மாதிரி இருக்கு டாக்டர்" என்றார். எனக்கும்தான்.

ஆகஸ்ட் 31

யாருக்குமே தெரியவில்லை. நோயாளிகள் தூங்குகிறார்கள், விழிக்கிறார்கள். கூட்டணி போன வாரம் கூடிப் பென்சில்களைப் பற்றி விவாதித்தது.

செப்டம்பர் 8

முதலில் தெரிந்தது புன்னகைக்குத்தான். லாரி காலியாகப் போகவில்லையாம், நிறைந்த சிலிண்டரோடு வந்து நிறைந்த சிலிண்டரோடே திரும்பிவிட்டதாம். இருமல்கூடச் சிரித்துக்கொண்டே இருமுகிற மனிதர் இன்று சிரிக்காமல் வந்து நின்றார். முகம் யாருடையதோபோல் இருந்தது.

செப்டம்பர் 10

விசாரணை. ரிப்பன், பச்சை டை, புன்னகை ஒரு பக்கம்; நான் ஒரு பக்கம்; நடுவில் குட்டித் தண்ணீர் பாட்டில்கள்.

பச்சை டைக்குக் கண் கலங்கிவிட்டது, நிஜமாகவே. "என் அடிப்படை ஆண்டையே கெடுத்துட்டீங்களே டாக்டர்! இனிமே எதைக் குறைச்சுக் காட்டுறது?"

"பூமிக்கு அந்தக் கவலை இல்லைங்க" என்றேன்.

"இப்பவே திறந்து விட்டுடுங்க. மார்ச் முடிஞ்சதும் விழா வெச்சு நானே மூடுறேன்" என்றார் ரிப்பன். வால்வுக்கும் ரிப்பன் கட்டியிருப்பார், சந்தேகமில்லை.

என் வாய் தன்பாட்டில் பேசியது. "திறக்கறேன் சார். 'யாருக்கும் தேவைப்படாத இந்த வாயுவைத் திறந்து காத்துல விடவும்'னு நீங்க ஒரு ஆர்டர் மட்டும் போட்டுக் கொடுங்க."

ஒருவர் பாட்டிலைத் திறந்தார், ஒருவர் மூடினார். ஆர்டர் வரவில்லை. வால்வு மூடியபடியே இருக்கிறது.

ஆனால் புதுக் கட்டடத்து நீலக் குழாய் வரைபடத்தில் அப்படியே இருக்கிறது. எழுந்து போகும்போது புன்னகை அதை எனக்கு ஞாபகப்படுத்திவிட்டுத்தான் போனார். "பழசு போனா என்ன டாக்டர், ஜனவரியில புதுசுக்கு வேலை ஆரம்பிக்கிறோம்." சிரிப்பு திரும்பி வந்துவிட்டிருந்தது.

அக்டோபர் 15, வியாழன்

புதிய துறைத் தலைவர்: சரிங்கய்யா.

அக்டோபர் 16

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஒருங்கிணைப்பாளர் பாருங்கள், தண்ணீரைத் திறந்துவிட்டு! இவர் வெளியே நின்று கதவைத் தட்டி, "தண்ணியை மூடிட்டு அழு, எனக்கு மட்டும்தான் கேட்கும்" என்றார். சிரிப்பும் வந்து தொலைத்தது.

வலிக்குது. இல்லைன்னு எதுக்குப் பொய் சொல்லணும்? அந்த ஆளுக்குப் பத்து வருஷம் நான் சொல்லிக் கொடுத்திருக்கேன். காலையில கை கொடுத்து வாழ்த்தினேன். "உங்க ஆசீர்வாதம்"னு சொல்றார். நல்லவேளை, சரிங்கய்யான்னு சொல்லலை.

ஒருங்கிணைப்பாளர் பதவியையும் பிடுங்கிவிட்டார்கள். பேட்ஜைத் திருப்பிக் கேட்டார்கள். மறுபயன்பாட்டுக்காம்.

நவம்பர் 11

கேட்டால் நம்ப மாட்டார்கள். எங்கள் கூட்டணிக்கு விருது! மாசுக் குறைப்பில் முதல் பரிசு.

எப்படி? அடிப்படை ஆண்டைப் பின்னால் நகர்த்திவிட்டார்கள். போன வருஷம்தான் அடிப்படை ஆண்டாம். இந்த வருஷம் குறைத்த வருஷமாம். அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல வருஷத்தையே வெட்டித் தைத்துவிட்டார் பச்சை டை. ஏப்ரலில் இதைச் செய்திருந்தால் அப்போதே மூடியிருக்கலாமே என்று கேட்டேன். "அப்ப குறைப்பு எதுவும் கைல இல்லையே டாக்டர்" என்றார், ஒரு துளி வெட்கம் இல்லாமல்.

என் உள்ளங்கையில் வால்வு கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. கேடயத்தை யார் வாங்குவது என்று கூட்டாளிகளுக்குள் சண்டை நடக்கிறதாம்.

நவம்பர் 30, திங்கள்

ரிப்பன் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை, நல்லது.

விருது விழாவில் அவர் பத்து நிமிஷம் பேச வேண்டுமாம். குழாய், வால்வு, கசிவு — இந்த விஷயமெல்லாம் பச்சை டைக்கும் விவரமாக எழுதத் தெரியவில்லை, யாருக்கும் தெரியவில்லை. "நீங்களே எழுதிக் கொடுத்துடுங்களேன். உங்களுக்குத்தான் தெரியும். உங்க பேரையும் ஓரமா எங்கேயாவது போட்டுக்கலாம்."

முதலில் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்புறம் அந்த மார்ச் மாத மேடை ஞாபகம் வந்தது.

"எழுதித் தரேன் சார். முன்னாடியே ஒரு தடவை படிச்சுப் பார்த்துக்கிறீங்களா?"

"எனக்கெதுக்கும்மா ஒத்திகை? மேடையில பார்த்துக்கறேன்."

சரிங்கய்யா என்றேன்.

டிசம்பர் 9

நகரசபை மண்டபம். அமைச்சர், பத்திரிகைக்காரர்கள், டிவி கேமரா. முன்வரிசையில் எங்கள் கூட்டாளிகள். நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், சிஸ்டரோடு. சிஸ்டருக்கு விஷயம் தெரியும். எனக்கு இல்லாத தைரியத்தில் ஒரு பொட்டலம் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தார்.

ரிப்பன் கண்ணாடியைப் போட்டார். படித்தார். முதல் பக்கம் முழுக்க அவர் புகழ். எதுவும் கண்ணை உறுத்தக் கூடாதல்லவா. இரண்டாம் பக்கத்தில் கசிவு. மூன்றாம் பக்கம் —

"ஆகவே இன்று அமைச்சர் முன்னிலையில் உறுதியளிக்கிறேன். எங்கள் புதிய கட்டடத்திலும், இனி நாங்கள் கட்டப்போகும் எந்தக் கட்டடத்திலும் இந்த வாயுவுக்குக் குழாய் இருக்காது. இதற்காகத் தாம் தருவதாகச் சொன்ன நீலக் குழாயைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்த எங்கள் வாயுக் கூட்டாளி நிறுவனத்தின் மேலாளரை எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன் கைதட்டலுக்கு நிறுத்தவும்."

நிறுத்தினார். மண்டபம் தட்டியது. அமைச்சர் திரும்பிப் பார்த்துத் தட்டினார். கேமரா புன்னகையின் முகத்துக்குப் போனது. பாவம், எழுந்தார். அவருக்குத் தெரிந்ததையே செய்தார், சிரித்தார்.

சிஸ்டர் என் தொடையைக் கிள்ளியதில் கன்றிப்போயிருக்கிறது.

டிசம்பர் 10, வியாழன்

பயந்துகொண்டேதான் போனேன். வேலை போகலாம், மாற்றல் வரலாம், இரண்டுக்கும் தயாராகத்தான் இவர் காலையில் கட்டிக் கொடுத்த சாப்பாட்டைக்கூட மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

ரிப்பன் மேசைமேல் செய்தித்தாள்கள். எல்லாவற்றிலும் அவர் படம், எல்லாவற்றிலும் அந்த உறுதிமொழி. அமைச்சர் காலையிலேயே போன் செய்து பாராட்டினாராம். கதவோரம் புன்னகை, வாடிப்போய்.

"நான் எடுத்த இந்த முடிவு சரிதானே டாக்டர்?" என்றார் ரிப்பன்.

அவர் நடிக்கவில்லை. தான் எடுத்த முடிவு என்றே நம்பிவிட்டார். அவர் வாயிலிருந்து வந்தது, அவர் காதிலேயே விழுந்தது, கைதட்டும் கிடைத்தது. வேறென்ன வேண்டும்?

"துணிச்சலான முடிவு சார்" என்றேன்.

ஜனவரி 21

புது அரங்குகளில் குழாய் வேலை. இன்ஜினியர் என்னிடம் வந்து, "நீலத்தைப் படத்துல இருந்தே எடுத்தாச்சு மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கேன்டீனுக்கு நேர்வழியில் போய் ஒரு காபி குடித்தேன். கண்ணாடி டம்ளரில் கொடுத்தார்கள். எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பதவி கொடுத்துவிடுவார்கள்.

பிப்ரவரி 22, திங்கள்

புதுக் கட்டடத் திறப்பு. ரிப்பன் ரிப்பன் வெட்டினார். சரிங்கய்யா கத்தரிக்கோல் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டார். தட்டில் அந்த நாற்காலியே இருந்ததுபோல நான் ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வலி போய்விட்டது என்று எழுதினால் பொய். பட்டியலை இன்னமும் மற்றவர்கள்தான் போடுகிறார்கள். இன்று முதல் அரங்கில் முதல் கேஸ் எனக்குப் போட்டிருந்தார்கள், ஒரு குடலிறக்கம்.

சிஸ்டரும் நானும் முன்னதாகவே போய் எல்லாவற்றையும் சரிபார்த்தோம். சுவரில் வெள்ளை வாய், கறுப்பு வாய், மஞ்சள் வாய். நீலம் வர வேண்டிய இடத்தில் பெரிதாக ஒரு படம் ஒட்டியிருந்தது: விருது விழா. ரிப்பன், பச்சை டை, புன்னகை எல்லோரும் ஒரே கேடயத்தை ஆளுக்கொரு மூலையில் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அடியில் பச்சை எழுத்தில் "எங்கள் கூட்டு முயற்சி."

"தியேட்டர் செவுத்துல காகிதம் ஒட்டக் கூடாதே டாக்டர், தொற்று வரும்" என்றார் சிஸ்டர், முகத்தை வெகு தீவிரமாக வைத்துக்கொண்டு.

"விதி விதிதான் சிஸ்டர்" என்றேன். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உரித்தோம். பசைத் தடம்கூட இல்லாமல் வந்துவிட்டது. அடியில் வெறும் சுவர்.

யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அதில் காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு முதல் நோயாளியை உள்ளே கொண்டுவரச் சொன்னேன்.